படுத்தால் ஒரு முடிவு, உட்கார்ந்தால் வேறொரு முடிவு: உணவுக்குழாய்ப் பரிசோதனையில் எதை நம்புவது?

கொங்குப் பகுதியிலிருந்து 46 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டு மாதமாக அவருக்குச் சாப்பாடு நெஞ்சில் நின்று நின்று இறங்குகிறது. ரசம் சாதம், கஞ்சி போன்றவை பெரும்பாலும் இறங்கிவிடுகின்றன. சப்பாத்தி, பரோட்டா, ஆறிப்போன இட்லி என்றால் நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியில் அடைத்துக்கொண்டு, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்த பிறகே நகர்கின்றன. எடை குறையவில்லை. எண்டோஸ்கோப்பியில் புண்ணோ கட்டியோ இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், பயாப்ஸி எடுக்கவில்லை. அதன் பிறகு மூக்கு வழியே குழாய் விட்டு உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி பரிசோதனை செய்தார்கள். மல்லாந்து படுத்து விழுங்கியபோது ஐ.ஆர்.பி. என்ற அளவு 18.6 என்றும், உட்கார்ந்து விழுங்கியபோது 9.4 என்றும் வந்தது. உட்கார்ந்து விழுங்கிய 5 மடக்குகளில் இரண்டில் உணவுக்குழாயின் சுருக்கம் பலவீனம் என்றும் அறிக்கையில் உள்ளது. "உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வெளியேற்றத் தடை" என்று முடிவு எழுதி, அந்த இடத்துத் தசையை எண்டோஸ்கோப் வழியே வெட்டிவிடும் போயம் சிகிச்சைக்குத் தேதி குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் படுத்துக்கொண்டா சாப்பிடுகிறேன்? உட்கார்ந்து எடுத்ததில் சரியாகத்தானே இருக்கிறது? ஒரே மிஷின் அரை மணி நேரத்துக்குள் இரண்டு அளவு காட்டினால் அதை எப்படி நம்புவது? என் கணவர் இதெல்லாம் மனப்பிரமை என்கிறார்" என்று கேட்கும் அவர், முதுகுவலிக்காக ஐந்து மாதமாக டிரமடால் கலந்த மாத்திரையை இரண்டு வேளை எடுத்துவருவதையும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறார். நெஞ்செரிச்சலுக்காக அடுத்து 24 மணி நேர அமிலப் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருப்பதால், அதன்போது படுத்தே இருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பெரிய கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியிருக்கும் விவரங்களை மட்டும் வைத்துப் போயம் சிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. அவசரமாகச் செய்ய வேண்டிய அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. வெட்டப்பட்ட தசையைப் பிறகு பழையபடி ஆக்க முடியாது. அந்தத் தசைதான் இரைப்பை அமிலம் மேலே ஏறாமல் காக்கிறது என்பதால், போயம் செய்துகொண்டவர்களில் கணிசமானோருக்குப் பின்னாளில் அமிலம் எதுக்களிக்கும் தொல்லை வருகிறது. கீழ்முனைத் தசை தளராமலும் உணவுக்குழாய் சரியாகத் தள்ளாமலும் போகும் அகலேஷியா என்ற நோய் உறுதியானவருக்கு அது மிக நல்ல சிகிச்சை. உங்களுக்கு இன்னும் எதுவும் உறுதியாகவில்லை. அதே சமயம், உட்கார்ந்த நிலையில் அளவு சரியாக வந்ததாலேயே உங்களுக்கு ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடாது. எட்டு மாதமாகத் திட உணவு ஒரே இடத்தில் நிற்பதை மனப்பிரமை என்று ஒதுக்குவது தவறு என்பதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

படுக்கவைத்து விழுங்கச் சொல்வது ஏன்?

நாம் விழுங்கும் உணவு வெறும் எடையால் மட்டும் கீழே விழுவதில்லை. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் மேலிருந்து கீழாக அலைபோலச் சுருங்கி அதைத் தள்ளுகிறது. அந்த அலை வந்து சேர்வதற்கு முன்பே கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்து வழிவிடுகிறது. தலைகீழாக நின்றாலும் ஒருவரால் தண்ணீர் விழுங்க முடிவது இதனால்தான். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது புவியீர்ப்பும் சேர்ந்து உதவுவதால், தசை தன் முழு வேலையைச் செய்ய வேண்டியதில்லை. மல்லாந்து படுத்தால் அந்த உதவி நின்றுபோய், உணவுக்குழாய் தனியாக என்ன செய்ய வல்லது என்பது தெரிகிறது. ஆகவே படுத்து எடுப்பது நீங்கள் சாப்பிடும் விதத்தை நடித்துக் காட்டுவதற்காக அல்ல. தசையின் திறனைத் தனியாகப் பார்ப்பதற்காக.

இதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் இந்தப் பரிசோதனை, மெல்லிய நீர்க்கால்களைக் கொண்ட குழாயில்தான் நடந்தது. அழுத்தத்தை உணரும் கருவி உடலுக்கு வெளியே இருக்கும். 13.6 மில்லிமீட்டர் உயர நீர் 1 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குச் சமம் என்பதால், நோயாளி எழுந்து உட்கார்ந்தால் 25 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கே சுமார் 18 மில்லிமீட்டர் பாதரசம் அளவு பிசகும். உங்கள் அறிக்கையில் வரம்பாகக் குறிக்கப்பட்டுள்ள 15-ஐ விட அது அதிகம். அதனால் படுத்த நிலையே வழக்கமாயிற்று. ஆரோக்கியமானவர்களிடம் எடுத்த இயல்பு அளவுகளும் படுத்த நிலையிலேயே சேர்க்கப்பட்டன. இன்று பல இடங்களில் இருக்கும் திடநிலைக் குழாயில் உணரிகள் குழாயிலேயே, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 36 வரை, பொருந்தியிருக்கின்றன. எழுந்து உட்கார்ந்தாலும் அவற்றில் இந்த நீர்க்கோளாறு வராது. நீர்க்கால் குழாய்கள் விலை குறைவு என்பதால் நம் நாட்டில் இன்னும் பல மையங்களில் பயன்பாட்டில் உள்ளன. உங்களுக்குச் செய்தது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீர்க்கால் வகை என்றால், உட்கார்ந்து எடுத்த அளவுக்கு உயரத் திருத்தம் செய்தார்களா என்பதும் தெரிய வேண்டும்.

ஒரே கருவி, இரண்டு அளவு

உங்கள் அறிக்கையில் உள்ள ஐ.ஆர்.பி. என்பது, விழுங்கத் தொடங்கிய 10 நொடிகளுக்குள் கீழ்ச்சுருக்குத்தசை மிகவும் தளர்ந்திருக்கும் 4 நொடிகளின் சராசரி அழுத்தம். அது உயர்ந்திருந்தால் வாசல் சரியாகத் திறக்கவில்லை என்று சந்தேகப்படுகிறோம். ஆனால் அந்த இடத்தில் இருப்பது சுருக்குத்தசை மட்டுமல்ல. உதரவிதானத்தின் தசைக்கால்கள் உணவுக்குழாயை அங்கே சுற்றிப் பிடித்திருக்கின்றன. பெருந்தமனி பக்கத்தில் துடிக்கிறது. படுக்கும்போது வயிற்றின் உறுப்புகள் உதரவிதானத்தை மார்புப் பக்கம் தள்ளுகின்றன. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருந்தால் பரிசோதனைக் குழாய் அங்கே வளைந்து சுவரில் அழுந்துகிறது. உண்மையான அடைப்பு இல்லாதபோதும் இவற்றில் ஏதாவது ஒன்று எண்ணை உயர்த்திக் காட்டிவிடலாம். எழுந்து உட்கார்ந்ததும் அந்த அழுத்தம் விலகி எண் கீழே வருகிறது.

இதனால்தான் ஒவ்வொரு நிலைக்கும் தனி வரம்பு உண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவியில் படுத்த நிலையின் உயர் வரம்பு 15 மில்லிமீட்டர் பாதரசம், நிமிர்ந்த நிலையில் 12. இன்னொரு வகைக் கருவியில் இவை 22-ம் 15-ம். உங்கள் அறிக்கையில் 15, 12 என்றே வரம்புகள் அச்சாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் படுத்த நிலையின் 18.6 வரம்பை மீறியது. நிமிர்ந்த நிலையின் 9.4 இயல்பானது. கருவி பழுதாகவில்லை. இரண்டு வேறு சூழலில் எடுத்த இரண்டு உண்மையான அளவுகள் அவை. இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்கத்தான் உங்களை எழுப்பி உட்காரவைத்து மறுபடி விழுங்கச் சொன்னார்கள். பரிசோதனை செய்தவர் அந்தப் பகுதியைச் சரியாகவே செய்திருக்கிறார். முடிவு எழுதும்போதுதான் அது கணக்கில் வராமல் போயிருக்கிறது.

மேனோமெட்ரி முடிவுகளை வகைப்படுத்த உலகெங்கும் பின்பற்றப்படும் சிகாகோ வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு 2021-இல் வெளியானது. அதன்படி, வெளியேற்றத் தடை என்று முடிவு செய்ய, படுத்த நிலை, நிமிர்ந்த நிலை இரண்டிலும் ஐ.ஆர்.பி. உயர்ந்திருக்க வேண்டும். படுத்த நிலை மடக்குகளில் குறைந்தது 20 சதவீதத்தில், அதாவது பத்துக்கு இரண்டில், விழுங்கிய கவளத்தின் உள்ளழுத்தமும் உயர்ந்திருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும், விழுங்கச் சிரமமோ இதயம் சாராத நெஞ்சுவலியோ இருந்து, பேரியம் எக்ஸ்ரே போன்ற வேறொரு பரிசோதனையும் அதை உறுதி செய்தால்தான் அது சிகிச்சைக்குரிய நோய் என்று கொள்ளப்படும். இத்தனை கடுமையாக விதித்ததற்குக் காரணம், முந்தைய முறையில் இந்தப் பெயர் சூட்டப்பட்டவர்களில் பலருக்குச் சிகிச்சை எதுவும் இல்லாமலே தொல்லை தணிந்துவிட்டதுதான். உங்கள் அறிக்கை முதல் படியையே தாண்டவில்லை.

இதற்கு நேர்மாறாக, படுத்த நிலையில் எண் வரம்பை ஒட்டி இருந்து, உட்கார்ந்த நிலையில் அடைப்பு துலங்கும் நோயாளிகளும் உண்டு. அதனால் ஒரே நிலையில் பரிசோதித்துவிட்டு முடித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. முதுகுத்தண்டுக் கோளாறு, இதய பலவீனம், மூச்சிரைப்பு ஆகியவற்றால் மல்லாந்து படுக்கவே முடியாதவர்களுக்கு நிமிர்ந்த நிலையில் மட்டும் எடுப்பது தவிர்க்க முடியாதது. அப்போது அந்த நிலைக்குரிய வரம்பையே பயன்படுத்தி, அதை அறிக்கையிலும் எழுத வேண்டும்.

"பலவீனம்" என்ற சொல்லால் பயப்பட வேண்டாம்

உட்கார்ந்து விழுங்கிய ஐந்தில் இரண்டு மடக்கு பலவீனம் என்று வந்ததை இரண்டாவது நோயாக எண்ணிக் கலங்கியிருக்கிறீர்கள். சுருக்கத்தின் வலிமையை டி.சி.ஐ. என்ற எண்ணால் குறிக்கிறோம். 450-க்குக் கீழே போனால் பலவீனம், 100-க்குக் கீழே போனால் சுருக்கமே இல்லை என்று கணக்கு. இந்த எல்லைகள் படுத்த நிலைக்கு உரியவை. நிமிர்ந்த நிலையில் தண்ணீர் தானாகவே இறங்குவதால், ஆரோக்கியமானவருக்கும் சுருக்கம் குறைவாகவே பதிவாகும். படுத்த நிலையின் 10 மடக்குகளில் 70 சதவீதத்துக்கு மேல் பலனற்றவையாகவோ, பாதியாவது முற்றிலும் தோற்றவையாகவோ இருந்தால்தான் இயக்கக் குறைபாடு என்போம். நீங்கள் படுத்து விழுங்கிய பத்தில் ஒன்பது இயல்பு. இதை மறந்துவிடலாம்.

டிரமடால்: கடைசி வரியில் எழுதிய முக்கியமான செய்தி

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்த மாத்திரையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். டிரமடால், அபின் போலச் செயல்படும் ஓபியாய்டு வகை வலிநிவாரணி. இந்த வகை மருந்துகள் மலச்சிக்கல் தருவது எல்லோருக்கும் தெரியும். உணவுக்குழாயின் கீழ்ச்சுருக்குத்தசை தளர்வதையும் அவை தடுக்கக்கூடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. வெளியேற்றத் தடை போன்ற படத்தையும், சில சமயம் மூன்றாம் வகை அகலேஷியா போன்ற படத்தையும்கூட அவை உண்டாக்குகின்றன. உங்கள் அடைப்பு தொடங்கி எட்டு மாதம், மாத்திரை தொடங்கி ஐந்து மாதம் என்பதால் மாத்திரையே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பரிசோதனையின் அளவு உயர்ந்ததற்கும், சமீபத்தில் தொல்லை கூடியதற்கும் அதன் பங்கு இருக்கலாம். இதைப் பரிசோதனைக்கு முன் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. மாதக்கணக்கில் எடுத்த டிரமடாலைச் சட்டென நிறுத்தினால் உடல் படபடக்கும், தூக்கம் கெடும். ஆகவே எழுதிக்கொடுத்த எலும்பு மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாறுங்கள். அதன் பிறகும் விழுங்கும் சிரமம் தொடர்ந்தால் மேனோமெட்ரியைத் திரும்பச் செய்வதில் பொருள் உண்டு.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் முழு அறிக்கையை வாங்குங்கள். முடிவு எழுதிய ஒற்றைப் பக்கம் போதாது. ஒவ்வொரு மடக்கின் வண்ணப்படமும் இரு நிலைகளின் எண்களும் அடங்கிய பக்கங்கள் வேண்டும். மருத்துவர்களின் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறைகள், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவரது மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன. எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு குடல் இரைப்பை நிபுணரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பதில் சங்கடப்பட எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பக்கங்களில் இரண்டு விஷயங்களைப் புதிய மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். படுத்த நிலையில் கவளத்தின் உள்ளழுத்தம் எத்தனை மடக்குகளில் உயர்ந்தது என்பது ஒன்று. உட்கார்ந்த நிலையில் 200 மில்லி தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னார்களா, அப்போது என்ன பதிவானது என்பது மற்றொன்று. வேகமாகக் குடிக்கும்போது இயல்பான உணவுக்குழாய் அலையை நிறுத்திவைத்து, வாசலைத் திறந்தே வைத்திருக்கும்; அடைப்பு இருந்தால் குழாய் முழுதும் அழுத்தம் ஒரே சீராக ஏறும்.

மூன்றாவதாக, நேரம் குறித்து எடுக்கும் பேரியம் எக்ஸ்ரே. நின்றுகொண்டு பேரியக் கரைசலைக் குடித்த பிறகு 1, 2, 5 நிமிடங்களில் படம் எடுப்பார்கள். ஐந்தாம் நிமிடத்திலும் மருந்து குழாயில் தூண்போல நின்றால் வாசலில் தடை உண்டு என்று பொருள். வசதி இருந்தால் சுமார் 13 மில்லிமீட்டர் அகலமுள்ள பேரிய மாத்திரையையும் விழுங்கச் சொல்வார்கள்; திட உணவு மட்டும் சிக்கும் உங்களுக்கு இது மிகவும் உதவும், ஏனெனில் கரைசல் நழுவிப் போகும் மெல்லிய வளையச் சுருக்கத்தில் மாத்திரை நின்றுவிடும். இந்த ஒரு பரிசோதனைக்குப் பிறகே சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

எண்டோஸ்கோப்பி மறுபடி செய்ய நேர்ந்தால், உணவுக்குழாய் இயல்பாகத் தெரிந்தாலும் அதன் மேல்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமாகக் குறைந்தது ஆறு இடங்களில் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை சார்ந்த இயோசினோபில் அழற்சி கண்ணுக்குத் தெரியாமலும் திட உணவை அடைக்கும். அதற்குப் பெரும்பாலும் மருந்தே போதும்.

குழாயை மறுபடி போட நேர்ந்தால்

படுத்திருக்கையில் குழாயை விட்டால் மூச்சு முட்டி இறந்துவிடுவேனோ என்று அஞ்சியதாக எழுதியிருக்கிறீர்கள். குழாயைப் பொதுவாக உட்காரவைத்துத்தான் விடுவார்கள். மூக்கில் மரத்துப்போகும் ஜெல் தடவி, தொண்டைக்கு வந்ததும் மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தித் தண்ணீரைச் சிறிது சிறிதாக விழுங்கச் சொல்வார்கள். குமட்டுவதும் கண்ணில் நீர் வருவதும் அந்த ஓரிரு நிமிடம் மட்டுமே. பிறகு படுக்கவைத்து, சற்றுப் பழகவிட்டு, சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரை வாயில் விட்டு ஒரே தடவையாக விழுங்கச் சொல்வார்கள். அடுத்த மடக்கு வரை எச்சிலைக்கூட விழுங்காமல் இருப்பதுதான் உண்மையில் கஷ்டம். இடையில் விழுங்கிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த மடக்கைத் தள்ளிவிட்டு வேறொன்று எடுப்பார்கள். முதுகுவலியால் தலையணைகளை உயர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தால் அது மல்லாந்த நிலையும் இல்லை, நிமிர்ந்த நிலையும் இல்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு உடம்பைச் சமமாகக் கிடத்தலாம். முதுகு பெரும்பாலும் அதைத் தாங்கும். வயிறு குறைந்தது 6 மணி நேரம் காலியாக இருக்க வேண்டும்.

24 மணி நேர அமிலப் பரிசோதனைக்குப் படுத்தே இருக்கத் தேவையில்லை. வழக்கம்போலப் பள்ளிக்குப் போங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். ஆனால் படுக்கும்போதும் எழும்போதும் கருவியின் பொத்தானை அழுத்தி, நேரத்தையும் தாளில் குறியுங்கள். மதியம் கால் மணி நேரம் சாய்ந்தாலும் அது கணக்கில் வர வேண்டும். மொத்த நேரத்தில் 6 சதவீதத்துக்கு மேல் அமிலம் இருந்தால் நோய் உறுதி, 4-க்குக் கீழே இயல்பு. பகலில் நடமாடும்போது ஏறுகிறதா, இரவில் படுத்தபோது ஏறுகிறதா என்பதைப் பொறுத்து ஆலோசனை மாறும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்பதைப் பரிசோதனை செய்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் சொல்வார்கள்.

அதுவரை உணவைச் சிறு கவளமாக நன்கு மென்று, நிமிர்ந்து உட்கார்ந்து, இடையிடையே தண்ணீர் குடித்துச் சாப்பிடுங்கள். மாத்திரைகளைப் படுத்தபடியோ தண்ணீர் இல்லாமலோ விழுங்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விட்டு, இடது பக்கம் சாய்ந்து தூங்குங்கள். வலது பக்கம் படுப்பதைவிட அமிலம் ஏறுவது குறையும்.

எடை குறையத் தொடங்கினாலோ, கஞ்சியும் தண்ணீரும்கூடச் சிக்கினாலோ, மலம் கறுத்தாலோ, இரவில் உண்டது புரையேறி இருமல் வந்தாலோ இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். சிக்கிய உணவு இறங்கவும் இல்லாமல் வெளியே வரவும் இல்லாமல் எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை வந்தால், அன்றே எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சு அழுத்தினால், அதை உணவுக்குழாயின் கணக்கில் சேர்க்காமல் முதலில் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.